இரக்கம் கூடாத மேசை

சீட்டுப் போட்டியில் தோற்றவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பது லாசரோஸுக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை புரியவே இல்லை. காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் சில்லுகள் எல்லாம் தீர்ந்ததும் சட்டைப் பைக்குள் கையை விட்டார். இருபது யூரோ நோட்டு ஒன்றை எடுத்து, நீவிவிட்டு, மேசைமேல் வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் சில்லு குடும்மா மரியாந்தி" என்றார், சீட்டுப் போட்டுக்கொண்டிருந்த என்னிடம்.

"தர முடியாதுண்ணே. முடிஞ்சு போச்சு, எந்திரிங்க."

"எங்க எந்திரிக்கறது? மணி ரெண்டுகூட ஆகலையே."

"சில்லு தீந்தா ஆட்டம் முடிஞ்சுது. இனி அடுத்த ஞாயிறுதான்."

"அப்ப இவங்கல்லாம்?"

"இவங்க ஆடுவாங்க."

தான் ஓட்ட வேண்டிய பஸ் தன்னை விட்டுவிட்டுப் புறப்பட்டதைப் போல அவர் எங்கள் எல்லோரையும் பார்த்தார். பிறகு மேல்கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துறைமுகத்தில் தாசோஸ் தீவுக்குப் போகும் படகு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போக மனமில்லை, அவ்வளவுதான். வீட்டில் யாரும் இல்லை. மனைவி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கவாலாவிலிருந்து பக்கத்து நகரம் த்ராமாவுக்கு முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். அந்தத் தடத்தில் அவர் வண்டி ஒரு நாளும் நேரத்துக்குப் போனதில்லை. கண்ணாடியில் தூரத்தில் யாராவது ஓடி வருவது தெரிந்தால் நிறுத்திவிடுவார். ஓடி வருகிறவர் இந்த வண்டிக்குத்தான் வருகிறாரா என்றுகூடப் பார்க்க மாட்டார். ஒருமுறை நாய்க்குப் பயந்து ஓடிய ஒருத்தியை ஏற்றிக்கொண்டு த்ராமாவரை போய்விட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கேட்டால் மறுக்கவும் மாட்டார், ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் சீட்டில் எப்படி ஜெயித்தார் என்று கேட்பீர்கள். ஜெயித்தார், நன்றாகவே ஜெயித்தார். அனெஸ்திஸின் பெயின்ட் கடைப் பின்னறையில் வியாழக்கிழமைதோறும் எங்கள் காசாட்டம் நடக்கும். டாக்டர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், லாசரோஸ், அனெஸ்திஸ், நான். எனக்குத் தொழில் முடி வெட்டுவது. கவாலாவில் பாதிப் பெண்களின் தலை என் கையில்தான். சீட்டுக் கலைப்பதிலும் அந்தக் கை சோடை போகாது.

காசாட்டத்தில் அவசரமே கிடையாது. நல்ல சீட்டு வராவிட்டால் கவிழ்த்துவிட்டு நெத்திலி வறுவலைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கலாம். கையில் இருந்தது தீர்ந்தால் பையிலிருந்து எடுத்து வைக்கலாம். அந்தப் பொறுமை லாசரோஸுக்குப் பிறவியிலேயே உண்டு. இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு டாக்டரிடம் ஒரே கையில் வாங்க வேண்டியதை வாங்கிவிடுவார். டாக்டர் கத்துவார். லாசரோஸ் அவருக்குச் சிப்புரோ சாராயம் ஊற்றிக் கொடுப்பார்.

ஒரே ஒருவரிடம் மட்டும் லாசரோஸ் ஜெயித்ததே இல்லை. அது அனெஸ்திஸ்.

அனெஸ்திஸ் அவருடைய கும்பாரோஸ். அனெஸ்திஸின் கல்யாணத்தில் மணமக்கள் தலையில் கல்யாணக் கிரீடங்களை மாற்றி வைத்தது லாசரோஸ். பிறந்த பெண்ணுக்கு ஞானத்தகப்பனாக நின்றதும் அவரே. ரத்த உறவைக்கூட எங்கள் ஊரில் முறித்துக்கொள்வார்கள், இந்த உறவை முறிக்க மாட்டார்கள். கும்பாரோஸின் பையைக் காலி செய்யக் கூடாது என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. தாய்ப்பாலோடு வந்துவிடும். ஆனால் அனெஸ்திஸுக்கு மட்டும் அந்தப் பால் கிடைக்கவில்லைபோல. லாசரோஸிடம் இருப்பதைச் சந்தோஷமாகச் சுரண்டுவார். தன் மேல் லாசரோஸ் ஒரு நாளும் பெரிய பந்தயம் வைக்காததைப் பார்த்து, "என்னைக் கண்டா இவனுக்கு நடுக்கம். நான் கப்பற்படையில சீட்டுப் படிச்சவன்டா" என்பார். லாசரோஸ் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், வாத்தியாருக்கும் தெரியும். அனெஸ்திஸுக்கு மட்டும் தெரியாது.

டாக்டர் இறந்துபோனார். வாத்தியார் மகளோடு ஜெர்மனிக்குப் போய்விட்டார். மூன்று பேரை வைத்துக்கொண்டு என்ன ஆட்டம்? துறைமுகத்துக்கு எதிரே மாடியில் புதிதாக ஒரு கிளப் வந்தது. ஞாயிறு மதியம் அங்கே சின்னப் போட்டிகள் நடக்கும். சீட்டுப் போட ஆள் தேடினார்கள், நான் சேர்ந்தேன். இவர்கள் இரண்டு பேரும் ஆட வந்தார்கள். வந்தபோது நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

போட்டி வேறு ஜாதி. எல்லோருக்கும் ஒரே அளவு சில்லு. அது தீர்ந்தால் வீடு. சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாது. ஒவ்வொரு கைக்கும் சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் முறைவைத்துக் கட்டாயச் சில்லு வைக்க வேண்டும், ஒருவர் சின்னது, அடுத்தவர் பெரியது. அதற்கு பிளைண்ட் என்று பெயர். நேரம் ஆக ஆக பிளைண்ட் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். லாசரோஸ் நல்ல சீட்டுக்குக் காத்திருப்பார். அது வருவதற்குள் பிளைண்ட் அவரைத் தின்றுவிடும். அனெஸ்திஸ் வாயால் ஆடி, வேறு விதமாகத் தோற்பார். இருவரும் இறங்கிப் போய் நெத்திலி தின்பார்கள். அதுவரைக்கும் குறை ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு அது நடந்தது. இரண்டு பேரும் என் மேசையில் இருந்தார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டுக் கொடுத்து, நடுவில் எல்லோருக்கும் பொதுவான ஐந்தில் கடைசிச் சீட்டையும் விரித்துவிட்டேன். ஆட்டத்தில் அவர்கள் இருவர் மட்டுமே மிச்சம். அனெஸ்திஸிடம் கைப்பிடிச் சில்லு இருந்தது. அவர் பந்தயம் வைக்காமல் மேசையைத் தட்டினார். இனி பேச வேண்டியவர் லாசரோஸ். அவரும் மேசையைத் தட்டினார். சீட்டைத் திருப்பச் சொன்னேன்.

கையில் இரண்டும் நடுவில் இரண்டுமாக லாசரோஸிடம் நாலு பத்து இருந்தது.

மேசை முழுவதும் வாயைப் பிளந்தது. கிட்டத்தட்ட தோற்கவே முடியாத நாலு பத்தை வைத்துக்கொண்டு, கடைசியாகப் பேசுகிறவர் பந்தயமே வைக்காமல் தட்டுவாரா? படகில் வேலை செய்யும் கடுக்கன் போட்ட பையன் ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"இது என்ன அநியாயம்? இவரு வெச்சிருந்தா அவரு வெளிய போயிருப்பாரு. எங்க எல்லாருக்கும் ஒரு படி மேல. தெரிஞ்சவன்னு விட்டுக் குடுக்கறதா?"

போட்டியை நடத்தும் மிர்த்தோ வந்தாள். சின்ன வயசு, கண்டிப்பு அதிகம். அவளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் அவள் செய்ததில் தப்பு சொல்ல முடியாது.

"ஏன் சார் பந்தயம் வெக்கலே?"

"அவன்கிட்ட மிச்சம் இருக்கறதே கொஞ்சம். அதையும் எதுக்கும்மா பிடுங்கணும்?" என்றார் லாசரோஸ். "என் கும்பாரோஸ் அவன்."

"இங்க அது குத்தம். எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி ஆடணும்."

"நாங்க எப்பவும் இப்படித்தானம்மா ஆடுவோம்."

வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அனெஸ்திஸ் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"எப்பவும்னா?"

லாசரோஸ் தன் சில்லுகளை அடுக்க ஆரம்பித்தார்.

"எப்பவும்னா எப்போலேருந்து? வியாழக்கிழமையுமா? என் கடையிலயா?" அனெஸ்திஸ் என்னைப் பார்த்தார். "மரியாந்தி, உனக்குத் தெரியுமா?"

நான் சீட்டைக் கலைக்க ஆரம்பித்தேன். அதுவே பதிலாகிவிட்டது. அந்த மனிதரின் முகம் சுருங்கியதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வாழ்நாள் முழுக்கத் தான் ஜெயித்ததாக நினைத்ததெல்லாம் பிச்சை என்று பொடிப்பையன்கள் முன்னால் தெரிந்துகொண்டார். மிச்சமிருந்த சில்லை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். லாசரோஸ் ஒரு சுற்று வெளியே நிற்க வேண்டும் என்று மிர்த்தோ தண்டனை சொன்னாள். அவர் அதைக் கேட்டாரோ என்னவோ, படியில் ஓடினார். அனெஸ்திஸ் நிற்கவில்லை.

பிறகு ஐந்து மாதம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. லாசரோஸ் மன்னிப்புக் கேட்கப் பெயின்ட் கடைக்குப் போனார். அனெஸ்திஸ் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "வாங்க, உங்களுக்கு என்ன கலர் வேணும்?" என்று கேட்டிருக்கிறார். லாசரோஸ் கண்ணில் பட்ட டப்பாவைக் காட்டி, "நீலம்" என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து பால்கனிக் கம்பிக்கு நீலம் அடித்தார். அடுத்த வாரம் போய்ச் சாம்பல் வாங்கினார். அதற்கடுத்து மறுபடியும் நீலம். அவர் பால்கனிக் கம்பி பெயின்ட்டால் தடித்துப்போனதே தவிர, அனெஸ்திஸ் "உங்களுக்கு" என்பதை விடவில்லை.

ஒரு நாள் லாசரோஸ் முடி வெட்டிக்கொள்ள என் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் போட்டியை எப்படி ஆடறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு."

"எதுக்குண்ணே இப்ப?"

"அவன் ஒருநாள் வருவான். ரோஷக்காரன், வராம இருக்க மாட்டான். அவன் வர்றப்போ நான் மேசையில இருக்கணும். மொதல் மணியிலேயே வீட்டுக்குப் போயிட்டா எப்படி?"

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "தலையை ஆட்டாதீங்க, காது போயிரும்" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். "வியாழக்கிழமை நீங்க எவ்வளவு நேரம் காத்திருப்பீங்க?"

"நல்ல சீட்டு வர்ற வரைக்கும்."

"அங்க காத்திருக்கறது இலவசம். இங்க காத்திருக்கக் கூலி குடுக்கணும். பிளைண்ட் ஏறிக்கிட்டே போகும். பத்து பிளைண்டுக்குக் கீழ உங்க சில்லு எறங்கிட்டா, ரெண்டே வழிதான். கவுத்துப் போடுங்க, இல்லே மொத்தத்தையும் தள்ளுங்க. நடுவுல எதுவும் கிடையாது."

"சீட்டு நல்லா இல்லேன்னா?"

"முக்கால்வாசி நேரம் எதிராளிக்கும் நல்லா இருக்காது. எதிராளி கவுத்துட்டா மொதல்ல தள்ளுறவனுக்கு லாபம். அப்புறம் இன்னொண்ணு. பரிசு கிடைக்க ஒரே ஒரு ஆள் வெளிய போகணும்னு இருக்கறப்போ எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. உங்ககிட்ட சில்லு நெறைய இருந்தா அப்பத்தான் அடிக்கணும். அதுவும் சில்லு கம்மியா இருக்கறவனா பாத்து."

"பயந்துபோய் உக்காந்திருக்கறவனையா?"

"ஆமா."

"அது அசிங்கமில்லையா?"

"அசிங்கம்தான். பஸ் நிக்காதுண்ணே. ஓடி வர்றவனைப் பாத்தாலும் நிக்கக் கூடாது."

வெட்டி முடித்துக் கழுத்துத் துணியை உதறினேன். எழுந்து போகும்போது, "முப்பது வருஷமா நின்ன வண்டி" என்று மட்டும் சொன்னார்.

ஆனாலும் கற்றுக்கொண்டார். சில்லைத் தள்ளும் ஒவ்வொரு முறையும், "மன்னிச்சுக்கப்பா" என்பார். அந்த மன்னிப்பைக் கேட்டதும் எதிரே இருப்பவன் சீட்டைக் கவிழ்த்துவிடுவான். கிழவர் நல்ல சீட்டு வைத்துக்கொண்டு பரிதாபப்படுகிறார் என்று நினைப்பான். அவர் கையில் மூணும் எட்டும் இருக்கும். வேண்டுமென்று செய்ததில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். குளிர்காலம் போவதற்குள் பரிசு வாங்குகிறவர்கள் வரிசையில் அவர் பெயரும் வந்துவிட்டது. கடுக்கன் பையன்கூட அவர் பக்கத்தில் உட்காரப் பயந்தான். பரிசைப் பற்றி அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் கதவு பக்கமே கண்.

ஈஸ்டர் கழிந்த இரண்டாவது ஞாயிறு அனெஸ்திஸ் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கல்யாணத்துக்கு வந்ததைப் போல. லாசரோஸ் பக்கம் திரும்பவே இல்லை. பெயர் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். எனக்கு நிஜமாவே ஆடத் தெரியுமா தெரியாதா? அந்த ஆள்கிட்டச் சொல்லிரு. இன்னொரு தடவை எனக்குப் பிச்சை போட்டா, என் பொண்ணோட கல்யாணத்துக்குக்கூட அவன் வர வேண்டாம்."

சொன்னேன். சொல்லாமல் எப்படி? லாசரோஸின் முகம் வெளுத்துப்போனது. அந்தப் பெண்ணை ஞானஸ்நானத் தொட்டியில் கையில் ஏந்தியவர் அவர்.

அன்றைக்கு இருவரும் வெவ்வேறு மேசை. ஓய்வு நேரத்தில் எட்டிப் பார்த்தேன். அனெஸ்திஸ் வாயே திறக்காமல் ஆடிக்கொண்டிருந்தார். அவர் வாயை மூடிக்கொண்டு ஆடி நான் பார்த்ததில்லை. நன்றாகவே ஆடினார், பொய் சொல்வானேன். கடைசியில் எட்டுப் பேர் மிஞ்சி, ஒரே மேசைக்கு வந்தார்கள். பரிசு ஏழு பேருக்கு. அடுத்து வெளியே போகிறவருக்கு ஒன்றும் கிடையாது. சீட்டுப் போடும் முறை எனக்கு.

லாசரோஸுக்கு இடதுபுறம் அனெஸ்திஸின் நாற்காலி. லாசரோஸ் முன்னால் சில்லு குவிந்து கிடந்தது. அனெஸ்திஸிடம் ஐந்தாறு பிளைண்டுக்குத்தான் இருந்தது. அனெஸ்திஸின் பெரிய பிளைண்டும் லாசரோஸின் சின்ன பிளைண்டும் நடுவில் போயாயிற்று. சீட்டைப் போட்டேன். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கவிழ்த்தார்கள். கடைசியில் இவர்கள் இரண்டு பேர்.

இப்போது லாசரோஸ் கவிழ்த்தால் நடுவில் உள்ளது அனெஸ்திஸுக்குச் சும்மா கிடைக்கும். அதுதான் பிச்சை. தள்ளினால், அனெஸ்திஸ் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக நேரலாம். மிர்த்தோ என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். கடுக்கன் பையன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அங்கிருந்த எல்லோருக்கும் அந்தப் பழைய கதை தெரியும்.

லாசரோஸ் தன் சீட்டைத் தூக்கவில்லை. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கும்பாரோஸைப் பார்த்தார். அனெஸ்திஸ் எதிர்ச் சுவரைப் பார்த்தார். ஆடித் தொலைங்க அண்ணே என்று மனசுக்குள் திட்டினேன்.

"மொத்தமும்" என்றார் லாசரோஸ். இரண்டு கையாலும் குவியலைத் தள்ளினார். மன்னிப்புக் கேட்கவில்லை.

அனெஸ்திஸ் திரும்பினார். ஐந்து மாதத்தில் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தார். தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி லாசரோஸைப் பார்த்தார். யோசித்தார். கவிழ்த்தால் வேறு யாராவது முதலில் வெளியேற, இவருக்குக் கடைசிப் பரிசு கிடைக்கலாம். நியாயமாகப் பயப்பட வேண்டிய இடம்.

"நீ பொய்யா தள்றே" என்றார். "வர்றேன்."

சீட்டைத் திருப்பினார். ஏஸும் ராணியும். லாசரோஸ் தன்னுடையதைத் திருப்பினார். ஒன்பதும் நாலும், அதுவும் வேறு வேறு ஜாதி. லாசரோஸின் கண் விரிந்ததை நான் பார்த்தேன்.

"கண்டுபிடிச்சுட்டாருய்யா!" என்றான் கடுக்கன் பையன். அனெஸ்திஸின் முகம் சிவந்து மலர்ந்தது.

நடுவில் விரிக்க ஆரம்பித்தேன். ஒரு ஜாக்கி, ஒரு ரெண்டு, ஒரு நாலு. மேசை "ஆ" என்றது. அடுத்து ஆறு. கடைசியில் ஒரு ராஜா. ஏஸும் வரவில்லை, ராணியும் வரவில்லை. அந்தப் பாழாய்ப்போன ஜோடி நாலு ஜெயித்துவிட்டது.

அனெஸ்திஸ் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"ஒம்பது நாலு! டேய்! ஒம்பது நாலை வெச்சுக்கிட்டா எம்மேல வர்றே? வெக்கமா இல்லே? எருமை மாடே! பஸ் ஓட்டிப் பொழைச்ச உனக்குச் சீட்டு எதுக்குடா? நான் ஏஸ் ராணி வெச்சிருக்கேன்டா!"

"ஆமாடா" என்றார் லாசரோஸ். அவருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. "நீ நல்லாத்தான்டா ஆடினே."

"நல்லா ஆடினேன்னு நீ சொல்லணுமா எனக்கு?" கத்திக்கொண்டே படியிறங்கிப் போனார்.

என் முறை முடிந்து இன்னொருத்தி வந்து சீட்டை வாங்கிக்கொண்டாள். நான் வெளியே ஓடினேன். கீழ்ப்படியில் அனெஸ்திஸ் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சு இன்னும் இரைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். கடல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ பக்கத்துலதானே இருந்தே. உண்மையைச் சொல்லு. தள்றதுக்கு முன்னாடி சீட்டைப் பாத்தானா?"

எனக்குத் திக்கென்றது. பார்க்காமல் தள்ளியதையும் ஒரு தர்மமாக, சில்லை அவர் பக்கம் வீசியதாக எடுத்துக்கொண்டுவிட்டால்? பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். இந்த மனிதரிடம் ஆளாளுக்குப் பொய் சொன்னது போதும் என்று தோன்றியது.

"பாக்கலேண்ணே. கையை எடுக்கவே இல்லே."

அனெஸ்திஸ் சிகரெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சாம்பல் இஸ்திரிச் சட்டைமேல் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை.

"அப்ப சீட்டை நம்பி வரலே" என்றார். "நான் பயந்துபோய் உக்காந்திருக்கேன்னு பாத்து, அடிக்கத்தான் வந்திருக்கான்."

"ஆமாண்ணே."

"முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் அவன் என்கூட ஆடியிருக்கான்."

சிகரெட்டை அணைத்துவிட்டு எழுந்தார். "அந்த மடையன் அடுத்த கையிலயே எல்லாத்தையும் தொலைச்சிருவான், வா" என்று மறுபடி மாடிக்கு ஏறினார்.